முதுகு

முப்பத்தொன்றாம் நாள்.
முன்னால் நீ, பின்னால் நான்.
இந்த ஆற்றை முதலில் பார்ப்பது எப்போதும் நீதான், டெல்பர்ட்.
எனக்கு வந்து சேருவது
நீ பார்த்து முடித்த ஆறு.

உன் மழைச்சட்டையில்
வலது தோளுக்குக் கீழே வெள்ளி டேப் ஒட்டிய கிழிசல்,
வில்லோ புதருக்குள் படகை இழுத்த அன்று கிழிந்தது.
கழுத்தில் கறுப்பு ஈ கடித்த தடம் பதினேழு.
துடுப்பைப் பக்கம் மாற்றுவதற்குச் சற்று முன்
உன் தலை ஒரு நூல் அளவு சாயும்.
இதெல்லாம் தெரியும் எனக்கு.
முகம்தான் மறந்துவிட்டது.

கரையேறினால் இருவருக்கும் கொசுவலை முகமூடி.
வலையைத் தூக்கி ஒரு வாய் ஓட்ஸ் கஞ்சி,
உடனே இறக்கு.
கூடாரத்தில் முதுகோடு முதுகு.
இரவு என்று பெயர் வைத்த ஏதோ ஒன்று
துணிக்கு வெளியே மஞ்சளாக எரிந்துகொண்டே இருக்கும்.

இருபத்திரண்டாம் நாள், பள்ளத்தாக்கின் வாயில்,
ஓட்டிவிடலாம் என்றாய் நீ.
சுமந்து போவோம் என்றேன் நான்.
சுமந்தோம்.
மூன்று கிலோமீட்டர், நான்கு நடை,
சேற்றுப்பாசியில் முழங்கால்வரை.
படகைத் தலையில் கவிழ்த்துக்கொண்டு நீ போனபோது
கால் முளைத்த கோபம் ஒன்று
எனக்கு முன்னால் நடந்தது.

மேலே நின்று கீழே பார்த்தேன்.
ஓட்டியிருக்கலாம்தான்.
சொல்லவில்லை.

அதன்பிறகு நமக்கு மிஞ்சியவை நான்கு சொற்கள்:
பாறை. இடது. இழு. நிறுத்து.
நான்கு சொல்லில் குடும்பமே நடத்தலாம் போலிருக்கிறது.
தண்டர் பே பஸ் டிப்போவில்
ஒரே வண்டிக்கு அடியில் படுத்துக்கொண்டு
பதினெட்டு வருஷம் வாய் ஓயாமல் பேசியவர்கள் நாம்.

புறமுதுகு காட்டுகிறவன் கோழை என்பார்கள்.
நீயோ விடிந்ததிலிருந்து அதைத்தான் காட்டுகிறாய்,
நுரைக்குள் நுழையும்போதும்
நான் பின்னால் இருக்கிறேனா என்று
ஒருமுறைகூடத் திரும்பாமல்.

பிறகு காற்று.
மூன்று நாள் எங்களை ஒரு சரளைமேட்டில் கட்டிப்போட்டது.
கடைசி ஸ்ப்ரூஸ் மரம் பின்தங்கி வெகுநாளாகிவிட்டது,
ஒதுங்க எதுவும் இல்லை,
கவிழ்த்த படகைத் தவிர.
நீலப் பீப்பாயில் மீதமிருந்த ஏப்ரிகாட்டை
நீ எண்ணினாய். நானும் எண்ணினேன்.
ஒன்று இடித்தது.
இருவரும் கேட்டுக்கொள்ளவில்லை.

முப்பத்தைந்தாம் நாள் உன் தோள் எழவில்லை.
ஒன்றும் சொல்லாமல் பின்னால் போய் உட்கார்ந்தாய்.
முதல்முறையாக முன்னால் நான்.

அப்பா,
எவ்வளவு பெரிய காலி இடம்!
ஒட்டிப்பார்க்க ஒரு கிழிசல் இல்லை,
எண்ணிப்பார்க்க ஒரு தடம் இல்லை,
வானம் நேராக மடிக்கு வருகிறது.
முதுகு கூசியது,
சட்டையில்லாமல் சபையில் நிற்பதுபோல.

இரண்டு மணி நேரம் கழித்துப் பின்னாலிருந்து,
அந்த நான்கிலும் சேராத ஒரு வாக்கியம்:
"ரைனோ, உன் சட்டை முதுகுல கிழிஞ்சிருக்கு."
"எப்போலேர்ந்து?"
"எனக்கு எப்படித் தெரியும்?"

கரை ஒதுங்கினோம்.
டேப்பைப் பல்லால் கடித்து அறுத்து
ஒற்றைக் கையால் நீ ஒட்டினாய், கோணலாக,
தேவைக்கு மேல் நெடுநேரம் அழுத்தி.

முப்பத்தேழாம் நாள் ஒரு மோட்டார் படகு.
மார்த்தா குனாக், கீழே ஏரிக்கரை ஊர்க்காரி.
மடியில் துப்பாக்கி, காலடியில் பிளாஸ்க்.
எஞ்சினை அணைத்துவிட்டு
எங்கள் படகில் கறி இருக்கிறதா என்று முதலில் பார்த்தாள்.
"வேட்டைக்கு இல்லையா?"
"இல்லை."
"அப்புறம்?"
"சும்மா."
தேநீரைப் பாதி ஊற்றியவள் கையை நிறுத்தினாள்.
"முப்பத்தேழு நாளா?"

அவள் சிரித்து முடிக்கும்வரை
ஆறு எங்கள் மூவரையும் மெல்லத் திருப்பிக்கொண்டிருந்தது.
பிறகு மேற்கே, நாங்கள் வந்த மேட்டுப்பக்கம், கை காட்டினாள்.
முந்தாநாள் அங்கேதான் கரிபூ மந்தை ஆற்றைக் கடந்ததாம்.
ஆயிரத்துக்கும் மேலே.
கொம்புகளே ஒரு காடு மாதிரி நீந்திப்போனதாம்.
"பார்க்கலையா நீங்க?"

நீ என்னைப் பார்த்தாய்.
முந்தாநாள்
நாம் டேப் ஒட்டிக்கொண்டிருந்தோம்.