பன்னிரண்டு இருபது

ஐந்தே காலுக்கு எண்ணூர் விரைவுச் சாலையில்
கன்டெய்னர் லாரிகள் வரிசையாய் உறங்கும்.
அவற்றின் ஓரமாக என் ஸ்கூட்டர்,
முதுகில் பை, பைக்குள் மூன்று லென்ஸ்,
வாயில் இன்னும் பற்பசைக் காரம்.

நெட்டுக்குப்பத்தில் இறங்கும்போது
கடலுக்கு நிறம் வந்திருக்காது.
முதலில் ஒரு சாம்பல்,
பிறகு கத்தரிப்பூ, அதுவும் நிற்காது.
ஷட்டரை இரண்டு விநாடி திறந்து வைத்தால்
அலை அலையாக இருப்பதில்லை,
பாறைகளுக்கு நடுவே படுத்த பனி ஆகிவிடும்.
இப்படிப் பல ஏமாற்றுகள் எனக்குத் தெரியும்.
அனல்மின் நிலையப் புகைபோக்கிகளை
இடது ஓரத்தோடு வெட்டத் தெரியும்.
குப்பைமேல் நுரை ஏறும் கணத்துக்குக்
காத்திருக்கத் தெரியும்.
காலண்டர் கம்பெனிக்காரர் கேட்பார்,
"இது பாண்டிச்சேரிங்களா மேடம்?"
ஆமாம் என்றும் சொல்லியிருக்கிறேன்.

அன்று ஆறு மணி இருபத்தைந்து நிமிடம்.
சூரியன் தண்ணீரை விட்டு முழுதாக விலகவில்லை.
படகின் வயிற்றடியில் குவித்திருந்த வலைமேல்
வெளிச்சம் வந்து விழுந்தது.
ஒவ்வொரு கண்ணியும் தங்கம்.
முட்டி போட்டு மூச்சை அடக்கி
நாற்பத்தொன்று எடுத்தேன்.
மணல் பிசுபிசுத்ததைப்
பிறகுதான் கவனித்தேன்.

"இன்னாத்த புடிக்கிற?"
தேசம்மா. இடுப்பில் காலிக் கூடை.
கேமராவின் முதுகைத் திருப்பிக் காட்டினேன்.
கண்ணைச் சுருக்கி
ஒவ்வொன்றாகத் தள்ளிப் பார்த்தாள்.
நல்லாருக்கு என்பாள் என நினைத்தேன்.

"ஐய, இதுல வலை புதுசாட்டம் கீது!"

மூணு நாளா ஆத்து வாயில எண்ணெ,
போட்ட வலை மொத்தமும் தாரு,
ஆபீசுல போட்டோ கேக்குறான்,
பையன் போன்ல எடுத்தது இருட்டுன்னு
திருப்பி வுட்டான்,
இத்த காட்டுனா, நல்லாத்தானே கீது
எட்த்துக்கினு போய்ப் போடுன்னுவான்.

"வேற எப்ப எடுக்கட்டும்?"
"வெயிலு மண்டைக்கு வரட்டும்.
அப்பத்தான் தெரியும்
எது கறுப்பு, எது நெழலுன்னு."

பதினோரு வருடத்தில் ஒரு நாளும்
உச்சி வெயிலில் கேமராவை வெளியே எடுத்ததில்லை.
டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்தேன்.
எட்டு மணிக்குக் கடல் தகரம்.
பத்துக்கு, விளக்கி வைத்த எவர்சில்வர்.
பதினொன்றுக்குமேல் நிறம் என்று ஒன்றில்லை,
கண் கூசியது, அவ்வளவுதான்.
இரண்டு டீ, ஒரு பட்டர் பிஸ்கட்,
மூன்றாவது டீக்குக் காசு வாங்க மறுத்தார் கடைக்காரர்.

பன்னிரண்டு இருபது.
தேசம்மாவும் பையனும் வலையை இழுத்து விரித்தார்கள்.
வானம் வெளிறி, அழித்த சிலேட்டு மாதிரி.
நிழல் அவரவர் காலடியில் சுருண்டிருந்தது.
கண்ணிகளுக்கு நடுவே ஜவ்வு ஜவ்வாகத் தார்.
அதில் ஒட்டிய நண்டு ஒன்று
ஒரு காலை மட்டும் தூக்கியபடி செத்திருந்தது.
அளவு தெரியட்டும் என்று
ஐந்து ரூபாய்க் காசை வைத்தாள்,
போதாதென்று தன் உள்ளங்கையை.
தொடுவானம் சாய்ந்திருந்தது, திருத்தவில்லை.
புகைபோக்கிகள் மூன்றும் உள்ளே வந்தன.

"உங்க முகமும் வரணுமா?"
"வராம? வலை யாருதுன்னு கேப்பான்ல."
முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு
கேமராவைப் பார்க்காமல் வலையைப் பார்த்து நின்றாள்.

எட்டுப் படங்கள், எர்ணாவூர் ஸ்டூடியோவில் பிரிண்ட்.
பின்பக்கம் பேர், படகு நம்பர், தேதி, நேரம்.
நேரத்தைக் கொட்டை எழுத்தில் போடச் சொன்னாள்.

பணம் வந்ததா, தெரியாது.
அடுத்த மாதம் போனபோது அவள் இல்லை,
மார்க்கெட்டில் என்றார்கள்.

காலண்டர்காரருக்குத் தங்க வலை பிடித்துவிட்டது.
வீட்டு வாடகை இருக்கிறது, கொடுத்தேன்.
எண்ணூர் என்று போடுங்கள், தார் என்றும், என்றேன்.
"ஏப்ரல் மாசத்துக்கு மேடம்,
அதெல்லாம் எதுக்கு" என்றார்.

மண்ணெண்ணெய் போட்டுத் தேய்த்த பேன்ட்டில்
முட்டியருகே ஒரு வட்டம் போகவில்லை.
காலையில் தெரிவதில்லை.
மத்தியானம் கொடியில் காயும்போது
தெரிகிறது.