நடுவில் இருந்த ‘த’

ரிவர் வேலி சாலையில்
மாத வாடகைக்கு விடும் அடுக்ககம்.
முன்மேசையில் எனக்கு இரவு வேலை.
செங்காங்கில் ரயில் ஏறினால்
கிளார்க் கீ வருவதற்குள்
கைப்பேசி ஒரு பிரெஞ்சுச் சொல் கொடுத்துவிடும்.

அன்றைய சொல்லுக்கு
‘இப்போது’ என்று பொருள்.
எழுத்தில் மூன்று துண்டு:
மேன். த. நான்.
ஹஃபீஸா மேசையை மூன்று முறை தட்டினாள்.
“செ-க-ராங். எங்களுக்கும் மூன்றுதான்.”
இருவரும் தட்டிக்கொண்டிருந்ததை
லிஃப்ட்டிலிருந்து இறங்கிய ஒருவர்
நின்று பார்த்துவிட்டுப் போனார்.

மூன்று நாற்பதுக்கு
609-லிருந்து அழைப்பு.
கப்பலில் வரும் சாமான்களுக்காகக்
காத்திருக்கும் குடும்பம்.
கணவர் ஜகார்த்தாவில்.
ஒரே சொல், மூச்சு அறுந்து அறுந்து:
மேந்த்நா… மேந்த்நா…

இரண்டுதான் இருந்தது.
நடுவில் இருக்கவேண்டிய ‘த’வைத்
தேடிக்கொண்டு நின்றேன்,
அறைச்சாவியைத் தொலைத்த விருந்தாளிபோல.
ஹஃபீஸாவுக்குச் சொல் புரியவில்லை,
மூச்சு புரிந்தது.
நான் அசை பிரிப்பதற்குள்
995-ஐ அழுத்தியிருந்தாள்.
ஆம்புலன்சில் கூடவே ஏறியும் போனாள்,
அட்டையில் செருகிய பேனாவோடு.

நான் மின்தூக்கியின் ஈரத்தைத் துடைத்தேன்.
வெட்கமாக இருந்தது.
நான் மட்டும் என்ன, விழுங்காதவனா?
இப்பொழுது இப்போதாகி
இப்போது இப்போவாகி
வீட்டு வாசலில் வெறும் ‘இப்ப’ ஆகிவிட்டதே.
உயர்நிலை இரண்டில் மனப்பாடம் செய்த
தேமாங்காயிலிருந்து
காய் எந்தத் தெருவில் விழுந்ததென்று
என்றைக்குக் குனிந்து பார்த்தேன்?

அந்தக் கடைசித் துண்டு வேறு.
நாக்கு மேலே தொடக் கூடாதாம்,
ஒலி பாதி மூக்கில் போகவேண்டுமாம்.
எத்தனை தடவை சொன்னாலும்
செயலி சிவப்புக் காட்டியது.
இன்டர்காமில் வாயிற்காவலர் செங்குட்டுவன்:
“முன்னாடி யாரு இருக்கா?”
“நான்” என்றேன்.
சொன்ன பிறகுதான் கவனித்தேன்:
எழுதும்போது புள்ளி வைத்து நிறுத்துகிற ‘ன்’னை
நாக்கு தொடவே இல்லை.
அது மூக்கு வழியாகப்
பாட்டுக்குப் போய்விட்டிருந்தது.
திரும்பச் சொல்லிப் பார்த்தேன்.
“என்னங்க?” என்றார் செங்குட்டுவன்.
ஒன்றுமில்லை என்று வைத்துவிட்டேன்.

ஆறு மணிக்குக் கேகே மருத்துவமனையிலிருந்து
ஹஃபீஸா.
பின்னால் யாரோ அழுகிறார்கள்,
மிகச் சின்னக் குரலில், மிகக் கோபமாக.
“எப்போது?” என்று கத்தினேன்.
“ஸ்கராங்!” என்றாள்.

மேசையைத் தட்டிப் பார்த்தேன்.
இரண்டு.