ஏழாவது வண்டி

பகல் பதினொரு மணி. ஆனாலும் இருட்டு.
ஃபின்மார்க்கில் சூரியன் எழுந்திருக்க
இன்னும் ஒன்பது நாள் பாக்கி.

மலைக்கணவாயின் தடுப்புக் கம்பி
இறங்கிவிட்டது.
இனி யாரும் தனியாகப் போக முடியாது.
பனி தள்ளும் வண்டி முன்னே,
மற்றவர்கள் பின்னே, வரிசையாக.
எய்லிஃபுக்கு இருபத்தைந்து வயதிருக்கும்.
கண்ணாடி கண்ணாடியாகத் தட்டி
எண் சொல்லிக்கொண்டே வந்தான்.
எனக்கு ஏழு.

"முன்வண்டியின் சிவப்பை விட்டுவிடாதீர்கள்.
அது நின்றால் நில்லுங்கள். இறங்காதீர்கள்.
ஹீட்டரைக் கூட்டினால் தூக்கம் வரும்."
அவ்வளவுதான் பிரசங்கம்.

பக்கத்து இருக்கையில் நீலப்பெட்டி:
ஓட்வாருக்கு இன்சுலின்,
கால்புண்ணுக்குக் கட்டுத்துணி,
அளவாய்த்தான் தின்ன வேண்டும் என்று சொல்லி
நானே வாங்கிய இரண்டு ஆரஞ்சு.
இருபத்தாறு கிலோமீட்டர் தாண்டி
அவர் ஜன்னலில் எனக்காக விளக்கெரியும்,
மின்சாரம் இருந்தால்.

புறப்படுமுன் ஜெபித்தேன்.
உண்மையைச் சொன்னால் அது ஜெபமில்லை, பேரம்.
கர்த்தாவே, காற்றை மட்டும் நிறுத்தும்,
மற்றதை நான் பார்த்துக்கொள்கிறேன்.

காற்று நிற்கவில்லை.

விளக்கொளிக்குள்
யாரோ மாவு சலித்துக்கொண்டேயிருந்தார்கள்.
சாலை எதுவென்று தெரியவில்லை,
வலப்பக்கம் பள்ளம் என்பது மட்டும் தெரியும்.
அந்த வெள்ளைக்குள் இரண்டு சிவப்பு,
காட்டுப்பழம் அளவுக்கு:
மீன் லாரியின் பின்விளக்கு.
லாரிக்காரனுக்குப் பேருந்தின் விளக்கு.
பேருந்துக்கு யாருடையதோ.
மலை ஒருவருக்கும் தெரியவில்லை.
ஆளுக்கு இரண்டு புள்ளி தெரிந்தது.
அது போதுமாக இருந்தது என்று சொல்லமாட்டேன்.
அதுதான் இருந்தது.

பாதிவழியில் சிவப்பு நின்றது.
நின்றேன்.
எய்லிஃப் நடந்து வந்தான், குனிந்து,
வண்டிகளைத் தொட்டு எண்ணிக்கொண்டு.
கண்ணாடியை விரலளவு இறக்கிக் கேட்டேன்:
"எங்களுக்கு உன் விளக்கு. உனக்கு?"

"குச்சி" என்றான்.
மீசையில் பனிக்கட்டி.
"அக்டோபரில் நட்டது. சாலையோரம் முழுக்க.
நல்ல வெயிலடிக்கும் அன்றைக்கு.
வெறும் புல்லில் எதற்கு இத்தனை குச்சியென்று
சுற்றுலாக்காரர்கள் படம் எடுப்பார்கள்.
இப்போது ஒன்றில் நின்று அடுத்ததைத் தேடுவேன்.
தெரிந்தால் நகர்வேன்.
தெரியாவிட்டால், இதோ, இப்படி."

நான் நட்டவற்றை எண்ணிப் பார்த்தேன்.
காபி பொங்குமுன் ஐந்து நிமிடம்,
பாதித் தூக்கத்தில்.
ரொட்டியின் மேல் பழக்கத்துக்குச் சொன்ன நன்றி.
பதினோரு பேர் வரும் ஆலயத்தில்
அடுப்புப் புகைக்கு நடுவே
சுதி சேராமல் பாடிய துதி.
எதிலும் மனம் உருகவில்லை. எல்லாம் வீண் என்றே
நினைத்திருந்தேன்.
வெறும் புல்லில் குச்சி.

நடாமலே விட்ட இடங்களும் உண்டு, நிறைய.
அங்கெல்லாம் யாரோ நட்டிருந்தார்கள்.
இல்லாவிட்டால் இவ்வளவு தூரம் வந்திருக்க முடியாது.

எய்லிஃப் போகும்போது
கையுறையால் என் பின்விளக்கைத் துடைத்தான்.
எனக்குச் சுருக்கென்றது.
எட்டாவது வண்டி!
தடுப்பருகே பார்த்திருந்தேன்:
எரித்ரியப் பெண், மீன் ஆலையில் வேலை,
பின்னிருக்கையில் கம்பளிக்குள் குழந்தை.
அவளுக்கு மலை நான்.
இத்தனை நேரமும்
பனி அப்பிய விளக்கோடு
என் பயத்தையே பார்த்துக்கொண்டு ஓட்டியிருக்கிறேன்.

அதன்பின் மெதுவாக ஓட்டினேன்.
வளைவுகளில் முன்கூட்டியே பிரேக்கைத் தொட்டேன்,
அவளுக்குச் சிவப்பு கொஞ்சம் கூடட்டும் என்று.
பேரம் மறந்துபோயிருந்தது.
அவளையும் என்றேன், குழந்தையையும் என்றேன்,
வேறு சொல் வரவில்லை.

கீழே தடுப்பு உயர்ந்தது.
ஒருவரோடு ஒருவர் பேசாமல் பிரிந்தோம்.
எட்டாவது வண்டி மட்டும்
ஒருமுறை விளக்கைச் சிமிட்டிவிட்டுத் திரும்பியது.

ஓட்வார் வீட்டில் மின்சாரமில்லை.
ஜன்னலில் மெழுகுவர்த்தி, அடிமட்டும் எரிந்து.
"தாமதம்" என்றார்.
ஊசி போட்டேன், கட்டு மாற்றினேன்.
ஆரஞ்சை உரித்துப் பாதியை நீட்டினார்.
தின்னுமுன் இருவரும்
ஒரு நொடி பேசாமலிருந்தோம்.

திரும்பக் கிளம்பியபோது
முதலில் வண்டியின் பின்பக்கம் போய்
விளக்கைத் துடைத்தேன்.
காற்று இன்னும் நிற்கவில்லை.