சக்கை வண்டி

மார்லா ஹூடாக் தோளை முறித்துக்கொண்ட மாதம்
செவ்வாய்தோறும் அவள் வண்டியை நான் ஓட்டினேன்.
பீர் காய்ச்சி முடித்ததும் மிஞ்சும் பார்லிச் சக்கையை
பிட்ஸ்பர்க் முழுக்க அள்ளிக்கொண்டு போய்
அவள் பன்றிகளுக்குக் கொட்டுவது வேலை.
நாற்பத்தொரு பன்றிகள்.
எல்லாம் நல்ல குடியில் பிறந்தவை.

அவள் குடித்துப் பதினோரு வருஷம் ஆகிறது.
அதனால் இந்த ஊரின் மதுச்சாலைகளை
பின்வாசல் வழியாக மட்டுமே தெரியும்.

முதலில் ட்ராய் ஹில். காலை ஆறு மணி.
செங்கல் வீடுகள் ஒன்றன்மேல் ஒன்று சாய்ந்து
இன்னும் தூங்கிக்கொண்டிருக்கும்.
பழைய ரொட்டிக்கடையில் இரண்டு சகோதரிகள்
கோதுமை பீர் காய்ச்சுகிறார்கள்.
சக்கை வெளுப்பு. மூடியைத் தூக்கினால்
கஞ்சி வடிக்கிற வீட்டின் வாசனை.
மூத்தவள் பேச மாட்டாள்.
இளையவள் பேசி முடிக்க மாட்டாள்.

மில்வேலில் நிலவறைச் சுவரில்
வெள்ளம் ஏறிய உயரத்துக்கு நீலக் கோடு.
தொட்டி, குழாய், தராசு எல்லாம் அதற்கு மேலே.
"பீருக்குத் தண்ணீர் வேண்டியதுதான்,
அதுக்காக இவ்வளவா"
என்பான் ரீஜிஸ் பனாசியுக், ஒவ்வொரு செவ்வாயும்,
முதல் தடவை சொல்வதுபோல.
அவன் சக்கை கறுப்பு.
அதைத் தின்ற இரவுகளில் பன்றிகள்
எதையோ யோசித்தபடி நிற்கும்.

ஆற்றைத் தாண்டினால் லாரன்ஸ்வில்,
வாடகை ஏறிய தெரு.
நாய்க்குத் தனிக் கிண்ணம். பலகையில்
மாம்பழ பீர், மிளகாய் பீர், பெயர் புரியாத பீர்.
சக்கைக்குள் ஆரஞ்சுத் தோல் கிடக்கும்.
"பொறுக்கு" என்பாள் மார்லா,
ஒற்றைக் கையால் காற்றைப் பொறுக்கிக் காட்டி.

குடி என்றால் பருகுவது.
குடி என்றால் வீடும், வீட்டிலிருக்கிறவர்களும்.
என்ன அவசரத்தில் இரண்டையும்
ஒரே சொல்லில் போட்டுக் கட்டினார்களோ
என்று நினைத்ததுண்டு.
பாலத்துக்குப் பாலம் சக்கை நிறம் மாறுவதைப் பார்த்தபின்
அவசரம் என்று தோன்றவில்லை.

கடைசியாக ஹேசல்வுட்.
உருக்காலை இருந்த இடத்தில் புல்.
எதிரே, டயர்க்கடையாக இருந்த கொட்டகையில்
ஓரின் பிளெட்சோ காய்ச்சினான்.
அந்தப் பக்கத்துக்கு அது ஒன்றுதான்.
பிறந்தநாளுக்கு, இழவுக்கு,
ஆட்டம் தோற்ற ஞாயிற்றுக்கிழமைக்கு
எல்லாரும் அங்கேதான்.

மூன்றாவது செவ்வாய், பீப்பாய்கள் காய்ந்திருந்தன.
சுவரோரம் தையல் பிரிக்காத மூட்டைகள், பதினான்கு.
"இதையும் ஏற்றிக்கொள்ளுங்கள்" என்றான்.
"வெள்ளிக்கிழமை பூட்டுகிறார்கள்."

மார்லா ஒரு மூட்டையின் வாயைப் பல்லால் பிரித்தாள்.
நாலைந்து மணியை மென்றாள்.
சாறு இறங்காத தானியம்.
அந்த இனிப்பு அவள் முகத்தில் ஏறுவதைப் பார்த்தேன்,
சட்டென்று துப்பியதையும்.
"இது பன்றித்தீனி இல்லை. என்ன விலைக்கு வாங்கினாய்?"
சொன்னான்.
"அதையே கேள். குறைக்காதே."

மறுபடி பாலங்கள். மறுபடி மில்வேல்.
ரீஜிஸ் மூட்டைகளை எண்ணினான்,
நீலக் கோட்டுக்கு மேலே அடுக்கினான்,
பேரம் பேசவில்லை.
வழக்கமான அந்த வாக்கியத்தையும் சொல்லவில்லை.
காசோலையைக் கையில் வைத்துக்கொண்டு
"பிளெட்சோ, எப்படி எழுதுவது?" என்றான்.
ஒரே ஊரில் ஆறு வருஷம்
எதிரெதிராகக் கடை வைத்தவர்கள்.

தெளிந்த மதுவுக்குத் தேறல் என்று பழைய பெயர்.
ஆஸ்பத்திரி வராந்தாவில் கேட்கிறோமே,
தேறுமா என்று,
அதற்கும் அதே எழுத்துகள்தான்.
ஓரின் விஷயம் எனக்குத் தெரியாது.
பூட்டு மட்டும் புதுசு.

அன்று தொழுவத்துக்குப் போய்ச் சேர்ந்தபோது
இருட்டிவிட்டது. சக்கையும் முக்கால் பங்குதான்.
நாற்பத்தொன்றும் கத்தின.
மார்லா வேலியில் சாய்ந்தபடி
நல்ல கையின் சுண்டுவிரல் நகத்தால்
முன்பல்லில் மாட்டிய ஒரு உமியை
எடுத்துக்கொண்டேயிருந்தாள்.