சேவல் இருமல்

ஃபஹாஹீல் கிளினிக்கில் ஐந்து மொழிகளில்
துண்டுத்தாள் வைத்திருக்கிறார்கள்.
அரபு, ஆங்கிலம், உருது, இந்தி, மலையாளம்.
மலையாளத்தை எழுத்துக்கூட்டிப் பாதி,
ஆங்கிலத்தில் மீதி என்று
என் இருபத்தெட்டாவது வாரத்தை வாசித்தேன்.

கக்குவான், என்றேன் டாக்டர் ஹனானிடம்.
எங்கள் ஊரில் இதற்குப் பெயர்.
சொல்லிப் பார்த்து, நாக்கு வளையாமல் சிரித்தார்.
அரபியில் சேவல் இருமலாம்.
இருமி இருமி மூச்சு தீர்ந்த பிள்ளை
காற்றை உள்ளே இழுக்கும் ஓசை
சேவல் கூவுவது போலிருக்குமாம்.
"பச்சைப்பிள்ளைகள் சிலது கூவுவதுகூட இல்லை.
மூச்சு நின்றுவிடும்" என்றார்,
திரையைப் பார்த்துத் தட்டிக்கொண்டே.
இன்றே போட வேண்டுமென்றில்லை,
யோசித்துவிட்டு வா.

உவைஸ் வஃப்ராவில், எண்ணெய்க் கிணற்றில்,
இருபத்தொரு நாள் ஷிப்ட்.
சிக்னல் கிடைத்த இரவில் சொன்னார்:
உன் உடம்பு, நீ முடிவு பண்ணு.
நல்ல பதில்தான்.
ஆனால் பிள்ளையின் பெயருக்கு
மூன்று நாள் சண்டை போட்டவர் அவர்.
ஏசி இரைச்சலில் அந்த வாக்கியத்தைத்
திருப்பித் திருப்பிக் கேட்டேன்.
கதவைத் திறந்துவிட்டாரா,
சாத்திக்கொண்டாரா.

கீழக்கரையிலிருந்து லாத்தாவின் குரல்பதிவு:
எனக்கு ரெண்டு புள்ளைக்கும் டிடி மட்டுந்தான் போட்டாக,
இது என்ன புதுசு?
அதன்பின் யாரோ ஒருத்தியின் காய்ச்சல்,
யாரோ ஒருத்தியின் குறைப்பிரசவம்.
எந்த ஊர் என்று கேட்டேன். தெரியாது என்றாள்.
அந்த ஊர் தெரியாதவளுக்காகவும்
ஒரு ராத்திரி தூங்காமல் கிடந்தேன், பொய் இல்லை.

எனக்கு வேலை மினா அப்துல்லாவில்
ஒரு குளிர்க்கிடங்கில்.
மீன், பழம், ஓர் அறையில் மட்டும் மருந்து.
அந்த அறைக்கு இரண்டிலிருந்து எட்டு டிகிரி.
ஒன்பது ஆனால் என் போன் அலறும்.
போன ஆகஸ்டில் லாரிக் கதவு சரியாகச் சாத்தாமல்
பதினான்கு பெட்டி.
அழித்துவிடச் சொல்லிக் கையெழுத்துப் போட்டவள் நான்.
நாற்பது நிமிஷம்தானே, என்றார் மேனேஜர்.
நாற்பது நிமிஷம்தான்.
வெளியே நாற்பத்தொன்பது டிகிரி.
அந்தப் பெட்டிகள் யார் கைக்குப் போகின்றன என்று
ஆறு வருடத்தில் ஒருநாளும் நினைத்ததில்லை.

புதன்கிழமை, ரெஜிஸ்டரின் கடைசிப் பக்கத்தில்,
பென்சிலால் எழுதிப் பார்த்தேன்.
அவளுக்கு முதல் ஊசி இரண்டாம் மாதம்.
அதுவரை அறுபது நாள்.
அறுபது நாளுக்கு
கொடி வழியே என்ன ஏற்றி அனுப்புகிறேனோ
அதுதான் கையிருப்பு.
அழிரப்பரால் அழித்தேன். தடம் போகவில்லை.

சந்தேகம் தீர்ந்ததா என்றால், இல்லை.
ஊசி அறைக்குள் நுழைந்ததும்
நர்ஸ் ரொவேனாவைப் பார்க்கவில்லை,
அவளுக்குப் பின்னாலிருந்த
சின்ன ஃபிரிட்ஜின் எண்ணைப் பார்த்தேன்.
நான்கு புள்ளி ஆறு.
இந்த வாரத் தாளைக் காட்ட முடியுமா?
என்ன பெண் இவள் என்று பார்த்துவிட்டு
ஆணியிலிருந்து கழற்றித் தந்தாள்.
காலை, மாலை, காலை, மாலை,
ஒவ்வொன்றிலும் அதே அவசரக் கையெழுத்து.
வெள்ளி மாலை மட்டும் காலி.
விரலை வைத்தேன்.
மெஷினில் இருக்கு, என்று
பொத்தானை அழுத்திக் காட்டினாள். ஐந்து.
அபாயாவின் கையைச் சுருட்டினேன்.

ஃப்ளூ ஊசியும் சேர்த்தா, என்றாள்.
அடுத்த வாரம், என்றேன்.
ஏனென்று எனக்கே தெரியவில்லை.

இரவில் கை கனத்தது.
இடப்பக்கம் சாய்ந்து படு என்றும் அவர்களே சொல்கிறார்கள்,
இடக்கையிலேயே குத்தியும் அனுப்புகிறார்கள்.
அஹ்மதிப் பக்கத்து ஆலைத் தீ
திரைச்சீலையில் ஆடிக்கொண்டிருந்தது.
உவைஸுக்கு அனுப்பினேன்: போட்டாச்சு.
நீலக் கோடு இரண்டு.
எழுதுகிறார், நிறுத்துகிறார், எழுதுகிறார்.
கடைசியில் வந்தது: வலிக்குதா?

வலிக்குது, என்று போட்டுவிட்டு
வலப்பக்கம் திரும்பினேன்.
உள்ளே அவளும் திரும்பினாள்,
கொஞ்சம் தாமதமாக.