நேற்றைய மழை

நெல்லியடிக் கமநல நிலையத்தின் பின்வளவில்
நாலு பக்கமும் முட்கம்பி அடைத்து
ஒரு செப்பு உருளை.
காலை எட்டரைக்கு அதைத் திறந்து,
உள்ளே இருப்பதைக் கண்ணாடிக் குவளையில் ஊற்றி,
கண்மட்டத்துக்குத் தூக்கிப் பார்த்து
எழுதுவது என் வேலை.
இது பதினோராவது வருசம்.

ஆவரங்காலில் இருந்து சைக்கிள்.
வைகாசியில் சோளகம் கிளம்பிவிட்டால்
முதுகில் கை வைத்துத் தள்ளிக்கொண்டு போகும்.
வல்லை வெளி முழுக்க மிதிக்கவே தேவையில்லை.
பின்னேரம் அதே காற்று
பாலத்தடியில் மறித்து நின்று
எங்கை போறாய் என்று கேட்கும்.
ஐப்பசிக்குப் பிறகு வாடை.
அது காலையில் மறிக்கும், மாலையில் தள்ளும்.
ஆக, வருசத்தில் பாதி நான் வேலைக்குச் சுகமாகப் போகிறேன்,
மற்றப் பாதி வீட்டுக்கு.

தையில் முட்கம்பி நெடுகப் பனி கோத்திருக்கும்,
ஒவ்வொரு முள்ளிலும் ஒன்று.
பனிக்கு நிரல் இல்லை.
பங்குனியில் செப்பு சுடும், சீலைத்தலைப்பால் பிடிக்க வேண்டும்.
பூச்சியம், பூச்சியம், பூச்சியம்.
பேனை பழகிப்போய்த் தானாக வட்டம் போடும்.
அப்படித்தான் ஒரு சித்திரையில்
இரவு இடித்துப் பெய்த பதினாலு மில்லிமீற்றருக்கும்
பூச்சியம் போட்டுவிட்டு
தேத்தண்ணி குடிக்கும்போது காற்சட்டம் ஈரமாய் இருந்ததைக் கண்டு
ஓடிப்போய்த் திருத்தினேன்.

புரட்டாதியில் கிணற்றுக் கயிற்றோடு
இன்னும் இரண்டு முழம் முடிய வேண்டும்.
தண்ணி சவர் தட்டும்.
அதையும் ஒருவரும் எழுதச் சொல்லவில்லை.

ஆனால் அறிவுறுத்தல் தாளில் ஒரு சொல் இருக்கிறது.
அளக்க முடியாமல்
நனைத்துவிட்டு மட்டும் போகிற மழைக்குச்
'சுவடு' என்று எழுதலாம்.
ஆடியில் ஒருநாள், பனம்பழம் விழுகுதாக்கும் என்று
வெளியே வந்தால் ஐந்து துளி.
எண்ணினேன். புழுதியில் ஐந்து குழி,
ஆறாவது வரவில்லை.
அந்த வருசம் நான் ஆசையோடு எழுதியது அது ஒன்றுதான்.

செல்வச்சோதி வேலிக்கு அந்தப் பக்கம் நின்று கேட்பான்:
'அக்கா, நாளைக்கு மழையோ?
வெங்காயம் பிடுங்கிக் காயப்போடலாமோ?'
மண்டபக்காரர் குலவீரசிங்கம் பந்தல் போட முதல் கேட்பார்.
ஒடியல் காயவிட்ட பெண்டுகள் சந்தையில் கேட்பார்கள்.
எனக்குத் தெரிந்தது நேற்றைய மழை மட்டும்
என்றால்
சிரித்துவிட்டுப் போய்விடுவார்கள்.
நேற்றைய மழை ஆருக்கு வேணும்?
கொழும்புக்கு வேணும்.
'மிஸ், நம்பர் சொல்லுங்க.'
சொன்னதும் வைத்துவிடுவார்கள்.

அந்தக் கார்த்திகை, இரண்டு இரவும் ஒரு பகலும்.
வல்லையில் வீதி எது வெளி எது தெரியவில்லை.
உழவு இயந்திரப் பெட்டியில் நின்றபடி
நான் வந்து சேரப் பதினொரு மணி.
உருளை விளிம்பு மட்டும் நிரம்பி
தன்பாட்டில் வழிந்துகொண்டிருந்தது.
குவளை குவளையாய் ஊற்றினேன்.
பன்னிரண்டுக்குப் பிறகு எண்ணிக்கை தவறி
பதின்மூன்று என்று வைத்துக்கொண்டேன்.
வழிந்தது போக மிஞ்சியதைத்தான்
கொழும்புக்குச் சொன்னேன்.

மூன்றாம் நாள் செல்வச்சோதி
வேலிக்கு இந்தப் பக்கம் வந்தான்,
முழங்கால் வரை சேறு, கையில் பொலித்தீனில் ஒரு படிவம்.
நட்டு எட்டே நாளான வெங்காயம்,
மேடை இருந்த இடமே தெரியவில்லையாம்.
'அக்கா, அண்டைக்கு எவ்வளவு பெய்தது?
இதிலை எழுத வேணுமாம்.'

பதினொரு வருசத்தில்
அவன் நேற்றைக் கேட்டது முதல் தரம்.
எண்ணைச் சொன்னேன். எழுதிவிட்டுப் பார்த்தான்.
'இவ்வளவுதானோ?'
'வழிஞ்சது சேர்க்கேல்லை.'
'அதை ஆர் அளந்தது?'
அவனுடைய தோட்டம்தான் என்று
வாய் நுனி வரை வந்தது.

அவன் போன பிறகு பதிவேட்டைத் திறந்து
அந்த எண்ணுக்குப் பக்கத்தில்
பென்சிலால், கண்டால் அழிக்கக்கூடியதாக,
ஒரு கூட்டல் குறி போட்டேன்.

பின்னேரம் வீதி கொஞ்சம் தெரிந்தது.
வாடை தள்ளியது. மிதித்தேன்.