இரண்டாவது பத்து

ஸ்டெனுங்சுண்ட், நவம்பர். மூன்றரை மணிக்கே
கடல் கறுத்துவிட்டது. ஆலையின் தீக்கொழுந்து மட்டும்
தண்ணீரில் தலைகீழாய் எரிகிறது.

என் மேசையில் நான்கு கோப்புகள்.
பியூட்டைல் அசிட்டேட்: நகப்பூச்சு வாசம்,
தோல் கறுத்த வாழைப்பழம்.
ரத்தத்தில் இறங்கிய சில நிமிடங்களில்
அதற்குப் பெயர் பியூட்டனால்.
பியூட்டனால் ஆல்டிஹைடாகும்.
ஆல்டிஹைடு, ஊசிப்போன வெண்ணெயின் அமிலமாகும்.
அதன்பின் வெறும் மூச்சு.

"ஒரே ஆள், நாலு சட்டை,"
என்றாள் பக்கத்து மேசை குன்வோர்.
"எதற்கு நாலு தடவை எலிகளைக் கொல்வது?"

சரிதான். முதலாவதைச் சுவாசித்த எலி
மற்ற மூன்றுக்கும் சேர்த்தே
சாட்சி சொல்லிவிட்டுச் செத்திருக்கிறது.
குடும்பம் என்று தலைப்பிட்டு
நான்கையும் ஒரே நூலில் கட்டினேன்.
மூக்கை மட்டும் தனியே வைத்தேன்.
அங்கே ஆளுக்கு முன்னால்
சட்டை அல்லவா உரசுகிறது.

எலியிலிருந்து மனிதனுக்கு: பத்தால் வகு.
மனிதனிலிருந்து மனிதனுக்கு: இன்னொரு பத்து.
இந்த இரண்டாவது பத்தை
இருபத்தோரு வருடமாகக்
கண்ணால் பார்க்காமல்
கைப்பழக்கத்தில் உப்பு போடுவதுபோலப்
போட்டுவந்திருக்கிறேன்.

போன வெள்ளிக்கிழமை
தொட்டி கழுவும் பிரிவில் மால்டே சுண்டெல்.
மூன்று வயதில் தேகு நகரத்திலிருந்து
விமானத்தில் வந்து இறங்கிய பிள்ளை;
இப்போது காதோரம் நரை.
அரைக் கோப்பை பியர் போதும்,
கழுத்து, காதுமடல், கண்ணிமை எல்லாம் பற்றிக்கொள்ளும்.
கூட வேலை செய்பவர்கள்
சிக்னல் என்று கூப்பிடுகிறார்கள். அவரும் திரும்பிப் பார்க்கிறார்.

மூன்றாவது சட்டை அவர் உடம்பில்
சட்டென்று கழலாது.

மருத்துவப் படிவத்தை நீட்டினேன்.
குடும்பத்தில் யாருக்காவது ஈரல் நோய்?
தெரியாது.
இதய நோய்? தெரியாது.
புற்று? தெரியாது.
பிறகு நிமிர்ந்து கேட்டார்:
"லீசெகிலில் அம்மா இருக்கிறாள்.
அவளுக்கு முழங்கால் வலி. அதை எழுதலாமா?"

எழுதுங்கள் என்றேன்.
எந்தக் கட்டத்தில் என்று இருவருக்கும் தெரியவில்லை.

நான்கு கோப்புகளையும் மறுபடி புரட்டினேன்.
எலிகள் இருக்கின்றன, எடை, வயது, பாலினத்தோடு.
தாமாக முன்வந்த பன்னிரண்டு மாணவர்கள் இருக்கிறார்கள்,
அத்தனை பேரும் உப்சாலாக்காரர்கள்.
காது சிவக்கிற ஒருவரும் இல்லை.

ஆறு மணி. குன்வோர் விளக்கணைக்க எழுந்தாள்.
கொஞ்சம் இரு என்றேன்.
பத்து போதுமா என்ற கேள்விக்கு எதிரே,
அச்சுத்தாளின் ஓரத்தில், கையால்
தெரியாது என்று எழுதினேன்.

வெளியே ஷிப்ட் மாறுகிறது.
கதவிடுக்கு வழியாக
மெலிதாய் ஒரு வாழைப்பழ வாசம்.